நீர்க்கரை வீடு: வரைபடத்திற்கு முந்தைய கோடு

நீர்க்கரையில் மனை வாங்கியவர், வடிவமைப்பாளரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் அகன்ற கண்ணாடிச் சுவரைத்தான். நாம் அதற்கு முன்பாக ஒரு கோட்டைப் பற்றிக் கேட்க விரும்புகிறோம். ஓதம் உயரும்போது நீர் எட்டும் எல்லையான உயர் அலைக்கோடு அது. வீடு எங்கே அமையலாம் என்பதை அதுவே முடிவு செய்கிறது.

2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் அக்கோட்டிலிருந்து 50 மீட்டரையும், நெருக்கம் குறைந்தவற்றில் 200 மீட்டரையும் கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதியாக வகுத்துள்ளது. ஓதநீர் ஏறியிறங்கும் காயல், ஆற்றுக் கரைகளுக்குத் தனி அளவு உண்டு. நம் மனை எந்த வகையில் அடங்கும் என்பதை மாநிலத்தின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் காணலாம்.

உள்ளாட்சியின் அனுமதி மட்டும் போதாதா? கொச்சியை அடுத்த மரடுவில் காயற்கரையில் எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அந்த அனுமதி இருந்தது. கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் இசைவு இல்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவற்றை அகற்ற ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாள்களில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள்! உரிமையாளர்களுக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் பணித்தது. ஆனால், வீடு இடிந்தது என்பதனால் வீட்டுக்கடன் தவணை தானாக நின்றுவிடுவதில்லை.

அடுத்த பகை உப்பு. உப்புக் காற்றிலுள்ள குளோரைடு கான்கிரீட்டினுள் ஊடுருவி இரும்புக் கம்பியை அடைகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, கூரையைப் பெயர்க்கிறது. எனவேதான் இந்தியத் தர விதி 456, கடலோரச் சூழலில் வெளிப்பட்டிருக்கும் கான்கிரீட்டுக்கு எம்-30 தரத்தையும், கம்பியை மூடும் 'கவர்' 45 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறது. சாதாரணச் சூழலில் 20 மில்லிமீட்டரே போதும். இவ்வேறுபாட்டைக் கொத்தனாரின் பழக்கத்திற்கு விட்டுவிடாமல் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கான்கிரீட் கலவைக்கும் நீராற்றுவதற்கும் நன்னீரே தேவை. கிணற்று நீர் உவர்ப்பாயின் லாரி நீர்ச் செலவும் சேரும்.

இனி அந்தக் கண்ணாடிச் சுவர். அரபிக்கடலை நோக்கிய வீட்டில் மாலை வெயிலும் தென்மேற்குப் பருவமழையும் அவ்வழியேதான் நுழையும். ஆழமான தாழ்வாரம் ஒன்று இரண்டையும் தடுக்கும், காட்சியும் குறையாது. நிலத்தடி நீர்மட்டம் மேலே நிற்கும் மண்ணில் உறிஞ்சுகுழி பயன்படாது; கசிவற்ற மூடிய கழிவுத்தொட்டி வேண்டும். இத்தகைய செலவுகளைப் பொறியாளரின் மதிப்பீட்டில் தொடக்கத்திலேயே சேர்த்துக் கடன் தொகையைக் கேட்பது நன்று.