கால் மணி நேரக் கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஆலைகளின் கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வாங்கிச் சுத்தம் செய்கின்றன. பாலாறு கெட்டது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தது. தோல் பதனிடுதல் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களில் கழிவை இடைவிடாமல் அளக்கும் கருவிகளைப் பொருத்தச் சொல்லி 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. அளவுகள் 15 நிமிடச் சராசரிகளாக வாரியத்தின் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும்.

மீட்டர் நொடிக்கு ஓர் எண் தந்தால் ஒரு நாளைக்கு 86,400 எண்கள். அனுப்ப வேண்டியது 96 சராசரிகள். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் எண் வரும் வழியில் மீட்டர் மௌனமாகலாம், இணையம் அறுந்து போகலாம். எந்த எண்ணும் சத்தமில்லாமல் தொலைந்துவிடக் கூடாது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட வேலைக்கு ஹாஸ்கெல் என்ற மொழியில் ஓர் அழகான வழி உண்டு. ஹாஸ்கெலில் கோப்பைச் சாதாரணப் பட்டியல்போல் படிக்கும் பழைய முறை ஆபத்தானது: பாதியில் கோப்பு மூடப்பட்டால், பழைய பதிப்புகளில் பட்டியல் அங்கேயே முடிந்ததுபோல் தோன்றும். பிழைச் செய்திகூட வராது.

மாற்று வழியின் பெயர் ஃப்ரீ மோனாட் டிரான்ஸ்ஃபார்மர். பெயர்தான் மிரட்டும். குரோம் பதனிடும் டிரம்முக்குப் பக்கத்தில் தொங்கும் செய்முறைச் சீட்டை நினைத்துக்கொள்ளலாம். இன்ன ரசாயனம் போடு, டிரம்மைச் சுற்று. தோலின் ஓரத்தை வெட்டி நிறங்காட்டியைத் தடவி அமிலத்தன்மை (pH) பார், 3.8-ஐத் தொட்டால் அடுத்த படிக்குப் போ. சீட்டு தானாக எதையும் செய்யாது. அடுத்த படி எது என்பதும், இந்தப் படியில் பார்த்த பிறகுதான் தெரியும்.

ஃப்ரீ மோனாட் டிரான்ஸ்ஃபார்மரும் அப்படித்தான். ஒவ்வொரு படியும் ஒன்று 'முடிந்தது' என்கிறது, இல்லையென்றால் 'இதோ ஒரு பகுதி, மிச்சம் இங்கே' என்கிறது. அதை அறியவே முதலில் நிஜ உலகில் ஒரு செயல் நடந்தாக வேண்டும்: மீட்டரைப் படிப்பதோ, சர்வரைத் தொடர்புகொள்வதோ. அந்தச் செயல் எந்த இடத்தில் நடக்கிறது என்பது நிரலிலேயே தெரியும். மீட்டருக்குப் பதில் போன மாதக் கோப்பைக் கொடுத்தாலும் சராசரி போடும் பகுதியை மாற்ற வேண்டியதில்லை.

கேப்ரியல்லா கொன்சாலஸ் 2012-ல் வெளியிட்ட பைப்ஸ் நூலகம் இந்தச் சிந்தனையில் வளர்ந்தது. அதன் துணை நூலகமான பைப்ஸ்-குரூப்பில்தான் இதன் முழு அருமையும் தெரிகிறது. 15 நிமிடத்துக்கான 900 எண்களை அது ஒரு பெட்டியில் சேர்த்து வைப்பதில்லை. ஒவ்வொரு கால் மணி நேரமும் ஒரு சிறு ஓடை. அது ஓடி முடிந்தால்தான் அடுத்த ஓடை கையில் கிடைக்கும். நினைவில் இருப்பது கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் மட்டுமே. ஒரு கால் மணியானாலும் பத்து வருடப் பதிவானாலும் அதே இரண்டு எண்கள்.

விலை ஒன்று உண்டு, வேகம். படிக்குப் படி ஒரு சிறு பொருளைக் கட்டிப் பிரிப்பதால் நேரம் கூடுகிறது. அதனால் பைப்ஸின் மையப் பகுதியில் இதே அமைப்பை நேரடியாகக் கையால் எழுதிவிட்டார்கள்; குழுக்களாகப் பிரிக்கும் வேலைக்கு ஃப்ரீ மோனாட் டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொண்டார்கள். நொடிக்கு ஓர் எண் தரும் மீட்டருக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை.