உஷார்! சாவி கூரியரில் வராது

ஜெர்மனியில் படிக்க அட்மிஷன் லெட்டர் வந்தாயிற்று. விசாவுக்காகச் செலவுப் பணத்தை முடக்கிவைக்கும் பிளாக்டு அக்கவுண்ட்டில் 11,904 யூரோ போட்டாயிற்று. விசாவும் கையில். "பெர்லின், மியூனிக் என்றால்தான் வீடு கிடைக்காது, டூபிங்கன் சின்ன ஊர்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று பெட்டி கட்டுகிறீர்களா? ஒரு நிமிஷம்! ஆபத்தே அந்தச் 'சின்ன ஊர்தானே'வில்தான் இருக்கிறது.

நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கும் டூபிங்கனில் சுமார் 90 ஆயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். அங்கே படிக்கிறவர்கள் மட்டும் 25 ஆயிரத்துக்கு மேல். அக்டோபரில் குளிர்கால செமஸ்டர் தொடங்கும் நேரத்தில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரேயடியாக ரூம் தேடினால், ரூம் எங்கிருந்து முளைக்கும்? கோட்டிங்கன், மார்புர்க் என்று எந்தப் பல்கலைக்கழக ஊருக்குப் போனாலும் இதே பாடுதான். இது மோசடிக்காரர்களுக்கும் அத்துப்படி.

அவர்கள் போடும் விளம்பரத்தைப் பார்த்தாலே சொக்கிப்போவீர்கள். மரத்தரை, பால்கனி, வகுப்புக்கு நடந்தே போகலாம், எல்லாம் சேர்த்து 350 யூரோ! மெயில் போட்டால் உடனே பதில். ஓனர் வேலை விஷயமாக லண்டனில் இருக்கிறாராம். வீட்டைக் காட்ட ஆளில்லையாம். முதல் மாத வாடகையும் டெபாசிட்டும் அனுப்பினால் சாவி கூரியரில் வருமாம். பிடிக்காவிட்டால் பணம் வாபஸாம். நம்பிக்கைக்கு பாஸ்போர்ட் காப்பி வேறு. அது ஏற்கெனவே ஏமாந்த யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். ஒப்பந்தம் போட என்று உங்கள் பாஸ்போர்ட்டையும் கேட்பார். கொடுத்தீர்களோ, அடுத்து ஏமாறப்போகிறவருக்கு நீங்கள்தான் 'ஓனர்'.

போட்டோவில் சோபாவைப் பார்க்காதீர்கள், பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். ஜெர்மனியில் அது வட்டமான குழிக்குள் இரண்டு துளையாக இருக்கும். பட்டையாக மூன்று துளை தெரிந்தால் அது ஏதோ இங்கிலாந்து வீட்டுப் படம்.

ஜெர்மானியச் சட்டப்படி டெபாசிட் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது; அதுவும் ஹீட்டிங் போன்ற செலவுகள் சேராத வாடகையில். அதை மூன்று தவணையாகவும் கட்டலாம், முதல் தவணை குடியிருப்பு தொடங்கும்போதுதான். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தே பழகிய சென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் தோன்றாது, கேட்டதை எடுத்து நீட்டிவிடுவார்கள். புரோக்கர் கமிஷனும் 2015 முதல் புரோக்கரை அமர்த்தியவர் தலையில்தான். வீட்டைக் காட்டவே காசு கேட்டால் நடையைக் கட்டுங்கள்.

இன்னொரு கண்ணி இதைவிட நைச்சியமானது. ரூம் நிஜம், ஓனரும் நிஜம். "அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) மட்டும் முடியாது" என்பார். சரியென்று தலையாட்டிவிடாதீர்கள்! குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகராட்சியில் பதிந்தாக வேண்டும். வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் அதற்குத் தேவை. பதியாவிட்டால் வரி எண் வராது, ரெசிடென்ஸ் பெர்மிட் இழுத்தடிக்கும். "காசு கொடு, வேறு முகவரியில் பதிந்து தருகிறேன்" என்று சில வள்ளல்கள் வருவார்கள். பொய்யாக முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம். அதில் பதிந்துகொண்டவரும் தப்ப முடியாது.

வாட்ஸ்அப் குரூப்பில் "நம்ம ஊர் அண்ணாதான்" என்று உள்வாடகைக்கு வரும் ரூமிலும் கவனம் தேவை. வீட்டு ஓனரின் எழுத்துபூர்வ சம்மதம் இருக்கிறதா என்று அண்ணாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அட்மிஷன் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள், வரிசை நீளம். தனியார் ரூம் என்றால், அந்த ஊரில் ஏற்கெனவே இருக்கும் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது நேரில் பார்க்காமல் ஒரு சென்ட் அனுப்பக்கூடாது. வீடியோ கால்தான் வழி என்றால், தெருவில் தொடங்கி வாசல் பெயர்ப்பலகை, மாடிப்படி, ரூம் வரை கேமராவை நிறுத்தாமல் நடக்கச் சொல்லுங்கள். மோசடிப் பேர்வழிக்கு அன்றைக்கென்று கேமரா ரிப்பேராகும்!

பணம் அனுப்பியே விட்டீர்களா? முதல் வேலையாக விளம்பரத்தையும் மெயில்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இரவோடு இரவாக விளம்பரம் மாயமாகும். அப்படியே பேங்குக்குப் போன் போட்டுப் பணத்தை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். இந்தியக் கணக்கிலிருந்து போயிருந்தால் இந்திய சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். ஜெர்மன் போலீஸிலும் புகார் கொடுங்கள். ஆன்லைனிலேயே வாங்கிக்கொள்வார்கள்.