எதில் போனால் பத்திரம்?

தில்லியில் சரோஜினி நகர் என்று ஓர் இடம். அங்கே பெரிய கடைவீதி உண்டு. பிள்ளையார் கோயிலும் உண்டு. அங்கே போக பஸ், மெட்ரோ ரயில், ஆட்டோ, ஸ்கூட்டர் எல்லாம் இருக்கின்றன. எதில் போனால் உயிருக்கு ஆபத்து குறைவு?

ரயில் என்றதும் பலருக்குக் கோரமண்டல் ரயில் விபத்து நினைவுக்கு வரும். 2023 ஜூன் 2ஆம் தேதி ஒடிசாவில் பாலசோர் அருகே நடந்தது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். நாடே கலங்கியது.

சாலைக் கணக்கையும் பாருங்கள். 2022இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல்! ஊருக்கு ஒருவர், இருவராக இறக்கிறார்கள். அதனால் இது பெரிய செய்தி ஆவதில்லை.

இறந்தவர்கள் யார்? 100 பேரில் 44 பேர் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளில் போனவர்கள். சுமார் 20 பேர் நடந்து போனவர்கள். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் 3 பேருக்கும் குறைவு. பஸ் கனமானது. பயணியைச் சுற்றி இரும்புத் தகடு இருக்கிறது. ஸ்கூட்டரில் போகிறவருக்கு அவர் உடம்புதான் தகடு.

பஸ் உள்ளே இருப்பவருக்குப் பத்திரம். வெளியே இருப்பவருக்கு? தில்லிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1992இல் அங்கே ‘ரெட்லைன்’ என்ற தனியார் பஸ்கள் வந்தன. ஆள் ஏற ஏற வருமானம். அதனால் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஓடின. பலர் அடிபட்டு இறந்தார்கள். பிறகு ‘புளூலைன்’ என்று பெயர் மாறியது. நிறமும் மாறியது. ஓட்டும் விதம் மாறவில்லை. 2007இல் மட்டும் 100 பேருக்கு மேல் பலியானார்கள். 2010 முதல் இந்த பஸ்களைப் படிப்படியாக நிறுத்தினார்கள்.

தில்லியில் மெட்ரோ ரயில் 2002 டிசம்பரில் தொடங்கியது. சரோஜினி நகர் நிலையம் 2018இல் திறந்தது. மெட்ரோவின் பாதையில் வேறு வண்டி குறுக்கே வராது. ஓட்டுநர் கவனம் தவறினாலும் கருவியே ரயிலை நிறுத்திவிடும். இருப்பதில் இதுதான் மிகவும் பத்திரம்.

ஆனால் மெட்ரோ வீட்டு வாசலுக்கு வராது. இறங்கி நடக்க வேண்டும். சாலையைக் கடக்க வேண்டும். தில்லிச் சாலைகளில் இறப்பவர்களில் 100க்குச் சுமார் 40 பேர் நடந்து போகிறவர்கள். பத்திரமாக வந்து இறங்கியவருக்கு ஆபத்து அந்தச் சாலையில்தான். நிற்கும் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ஓடுகிறவர்கள் உண்டு. பக்கத்தில் வேகமாக வரும் வண்டிக்காரருக்கு அவர்களைத் தெரியாது. பஸ் மறைத்துவிடும். பஸ் போன பிறகு இரு பக்கமும் பார்த்துக் கடக்கலாம். அரை நிமிடம்தான் கூடும்.

ஸ்கூட்டரை விட முடியாதவர்களும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் தில்லியில் கணவன் ஹெல்மெட் போட்டிருப்பார். பின்னால் மனைவி வெறும் தலையோடு உட்கார்ந்திருப்பார். 2014இல் பெண்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம் ஆனது. சீக்கியப் பெண்களுக்கு மட்டும் விலக்கு. ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தால் மட்டும் போதாது. தாடைக்குக் கீழே பட்டையை மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் ஆள் விழும் முன்னே ஹெல்மெட் பறந்துவிடும்.