கல்லீரலுக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு?

சென்ற ஆண்டு அரையாண்டு விடுமுறையில் வயிற்றுவலிக்காக ஸ்கேன் எடுத்தேன். வலிக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அறிக்கையின் கடைசி வரியில் 'கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை' என்று இருந்தது. "இது இப்போ பாதிப் பேருக்கு இருக்கு டீச்சர், நடங்க, சரியாயிடும்" என்றார் மருத்துவர். நானும் அறிக்கையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில், மழை ஈரத்தில், சக ஆசிரியை ஒருவர் வழுக்கி விழுந்தார். பெரிய விழுகை இல்லை. ஆனாலும் ஊன்றிய கையில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அவருக்கு வயது 52. மாவுக்கட்டோடு பணிக்குத் திரும்பியவர் ஓய்வறையில் என்னிடம் கேட்டார்: "எனக்கு ஆறு வருஷமா ஃபேட்டி லிவர் இருக்கு. எலும்பு இப்படி இருக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா டீச்சர்?" கல்லீரல் ஒரு பாடம், எலும்பு மண்டலம் வேறொரு பாடம் என்றே இத்தனை ஆண்டுகளாக நடத்தி வந்தவள் நான். பதில் சொல்லத் தெரியவில்லை. அதன்பின் தேடிப் படித்ததே இக்கட்டுரை.

முதலில் கல்லீரல். அதன் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது கொழுப்புக் கல்லீரல். மது அருந்துபவர்களுக்கு மட்டுமே வரும் என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். நாம் உண்ணும் மாவுச்சத்தும் சர்க்கரையும் உடல் செலவழிப்பதைவிட மிகுந்தால், கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறுதான் இதன் வேர் என்பதால் 2023இல் மருத்துவ உலகம் இந்நோயின் பெயரையே அதற்கேற்ப மாற்றியது. இந்திய அரசு 2021இலேயே இதைத் தேசியத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டது.

சென்னையில் 541 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில் 32 விழுக்காட்டினருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. அது பட்டணத்துக் கதை என்று தள்ளிவிடலாம். நம்மைப் போலவே நெல் விளைத்து, சோறு உண்டு வாழும் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் செய்த ஆய்வு 2010இல் வந்தது. அங்கே 8.7 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் நான்கில் மூன்று பேரின் உடல் நிறைக் குறியீட்டெண் 25க்கும் கீழே! அதாவது பார்ப்பதற்குப் பருமனே இல்லாதவர்கள். நம் டெல்டாவில் நடவும் அறுவடையும் இயந்திரத்துக்குப் போய்விட்டன. தட்டில் சோற்றின் அளவு மட்டும் வயலில் இறங்கிய காலத்து அளவாகவே இருக்கிறது. இதைச் சொல்லும் நானே காலையில் இருசக்கர வண்டியில் வந்து மாலை வரை நாற்காலிக்கும் கரும்பலகைக்கும் இடையே மட்டும் நடப்பவள்.

இனி எலும்புக்கு வருவோம். எங்கள் ஊர்ப் பக்கம் மூணாறு தலைப்பு என்றொரு இடம் உண்டு. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் அங்கேதான் பிரிகிறது. தலைப்பில் கோளாறு என்றால் கடைமடை விவசாயிக்குத்தான் முதலில் தெரியும். தலைப்பருகே நிற்பவருக்குத் தண்ணீர் வழக்கம்போலத்தான் தோன்றும். கல்லீரலைத் தலைப்பாகவும் எலும்பைக் கடைமடையாகவும் வைத்துக்கொண்டால் மாணவர்களுக்கும் எளிதாக விளக்கலாம்.

அங்கிருந்து எலும்புக்குப் போகும் முதல் வாய்க்கால் வைட்டமின் டி. வெயில் பட்டதும் தோலில் உருவாகும் வைட்டமின் டி அப்படியே பயன்படாது. கல்லீரலில் ஒரு முறையும் சிறுநீரகத்தில் மறுமுறையும் மாற்றம் பெற்ற பிறகுதான் உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச உதவும். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களிடம் வைட்டமின் டி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டாவது, கல்லீரல் சுரக்கும் 'இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி'. வளரும் பிள்ளைகளின் எலும்பு நீளவும் தடிக்கவும் இது வேண்டும். கல்லீரல் நோயுற்றால் இதன் சுரப்பு குறைகிறது. மூன்றாவது வழியாக நல்லது வருவதில்லை, கெட்டது வருகிறது. கொழுப்பு தேங்கிய கல்லீரல் மெல்ல அழற்சி அடைகிறது. அப்போது வெளிவரும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகின்றன. நம் எலும்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் புதிதாகக் கட்டப்படும் உயிருள்ள திசு. கரைப்பது கட்டுவதை முந்திவிட்டால் உள்ளே பஞ்சு போலாகிவிடும்.

இவ்வளவு படித்ததும் சக ஆசிரியையிடம் ஓடிப்போய் "ஆமாம், அதனால்தான் முறிந்தது" என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் அப்படிச் சொல்ல முடியாது. கல்லீரல் சுருங்கித் தழும்பேறிய முற்றிய நிலையில் எலும்பு மெலிவது மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்தது. தொடக்கநிலைக் கொழுப்பைப் பற்றிய ஆய்வுகளோ ஒரே முடிவைத் தரவில்லை. சிலவற்றில் எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது. சிலவற்றில் வேறுபாடே இல்லை. மேலும், மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பும் மெலிகிறது, கல்லீரலில் கொழுப்பும் கூடுகிறது. ஐம்பதைக் கடந்த ஒரு பெண்ணிடம் எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது பெரியவர்களைப் பற்றிய ஆய்வு அல்ல, குழந்தைகளைப் பற்றியது. அமெரிக்காவின் சான்டியாகோ நகர மருத்துவர்கள் 2012இல் வெளியிட்டது. உடல் பருமன் உள்ள குழந்தைகளை மட்டுமே எடுத்துக்கொண்டு, கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்து எலும்பு அடர்த்தியை அளந்தார்கள். கல்லீரல் நன்றாக இருந்த பருமனான குழந்தைகளில் ஒருவருக்குக்கூட எலும்பு அடர்த்தி குறையவில்லை. கொழுப்புக் கல்லீரல் உள்ள குழந்தைகளில் 45 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற அடர்த்தி இல்லை. சிறிய ஆய்வுதான், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்றும் அது நிறுவவில்லை. ஆனாலும், 'புள்ள குண்டா இருந்தா எலும்பு கெட்டியா இருக்கும்' என்று நாம் சொல்லிக்கொள்வதை இது அசைத்துவிடுகிறது.

பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இது ஏன் முக்கியம்? ஒருவர் வாழ்நாளில் சேர்க்கும் எலும்பு வலுவில் ஏறத்தாழ 90 விழுக்காடு, பெண்ணுக்கு 18 வயதுக்குள்ளும் ஆணுக்கு 20 வயதுக்குள்ளும் சேர்ந்துவிடுகிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பதுதான். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, அதாவது நம் கண்முன் அமர்ந்திருக்கும் அந்த ஏழு ஆண்டுகளில்தான் பெரும்பகுதி சேர்கிறது.

கொழுப்புக் கல்லீரலுக்கு வலியோ காய்ச்சலோ கிடையாது. ஆனால் வகுப்பறையில் நமக்குத் தெரியக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. சில பிள்ளைகளின் பின்கழுத்தில் வெல்வெட் போலத் தடித்த கருமை படர்ந்திருக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி அது. கொழுப்புக் கல்லீரலும் உடனிருக்க வாய்ப்பு அதிகம். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவனை நான் இரண்டு முறை, "கழுத்தைத் தேய்ச்சுக் குளிச்சுட்டு வா" என்று வகுப்பு முன்னால் சொல்லியிருக்கிறேன். அது அழுக்கு இல்லை. எத்தனை தேய்த்தாலும் போகாது. அவன் அடுத்த நாள் கழுத்தைச் சிவக்கத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தான். இத்தகைய பிள்ளைகளைப் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் தனியே காட்டினால் போதும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உணவைப் பொறுத்தவரை நம் வட்டாரத்தில் விடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 13 முதல் 15 வயதுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 கிராம் தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம்கூட இல்லை. அதே அளவு கேழ்வரகில் 350 இருக்கிறது. முருங்கைக்கீரையில் 300க்கு மேல். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர நட்டு, மாட்டுக்கு ஒடித்துப் போடும் அகத்தியில் 900 அளவில்! சத்துணவு முட்டையின் மஞ்சள் கருவில் கொஞ்சம் வைட்டமின் டி உண்டு. அதை ஒதுக்கிவைக்கும் பிள்ளையைக் கவனியுங்கள். குளிர்பானத்துச் சர்க்கரை நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது என்பதை ஒரு முறையாவது வகுப்பில் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு ஒன்று. அறிக்கையில் கொழுப்பு என்று வந்தால் சர்க்கரையையும், கல்லீரல் நொதிகளையும், தட்டணுக்களையும் பார்க்கச் சொல்லுங்கள். வயதோடு இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டே தழும்பு இருக்கிறதா என்று மருத்துவர் ஓரளவு அறிய முடியும். எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் கல்லீரல் அழற்சி தணிகிறது. ஆனால் பட்டினி கிடந்து மளமளவென்று குறைத்தால் எலும்பும் சேர்ந்து கரையும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி பொட்டலமும் கல்லீரல் கொழுப்பைக் கரைத்துவிடா.

மருந்தில்லாமல் இரண்டுக்கும் ஒருசேர நல்லது செய்வது ஓட்டமும் குதியும்தான். தசை வேலை செய்தால் கல்லீரல் கொழுப்பு எரிகிறது. தரையில் குதித்து இறங்கும் ஒவ்வொரு அதிர்வும் எலும்பைக் கட்டும் செல்களை எழுப்புகிறது. கோகோ, கபடி, கயிறு தாண்டுதல், பாண்டி எதுவானாலும் சரி. வெயிலும் அப்போதே கிடைக்கிறது. காலை இளவெயிலில்தான் வைட்டமின் டி என்று நான் பல ஆண்டு சொல்லிவந்தது தவறு. திருப்பதியில் செய்த ஆய்வில் முற்பகல் 11 முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலில்தான் அது நன்கு உருவானது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளை நிற்கவைப்பதால் இந்தப் பயன் பெரிதாக இல்லை. கோடையின் உச்சியைத் தவிர்த்து, மற்ற மாதங்களில் முற்பகல் விளையாட்டு நல்லது.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் செவ்வாய்க்கிழமை நான்காம் பாடவேளை விளையாட்டு. மதிய உணவுக்கு முந்தையது. பாடம் முடியவில்லை என்று உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு அதை வாங்கிக்கொள்வது என் பழக்கம். கடந்த ஆண்டு டிசம்பர் முதல் மார்ச் வரை ஒரு செவ்வாய்கூட அவரிடம் விடவில்லை. அந்த வேளைகளில் நான் நடத்திய பாடங்களில் ஒன்று மனித உடல் உறுப்பு மண்டலங்கள். இந்த ஆண்டு ஜூனில் அவரே வந்து, "நாலாவது பீரியட் வேணுமா டீச்சர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கழுத்தைத் தேய்த்துக்கொண்டு வந்த அந்தப் பையன் இப்போது அந்த வகுப்பில்தான் இருக்கிறான். கோகோவில் ஓடத் தயங்குகிறான், உட்கார்ந்தே இருக்கிறான். உடற்கல்வி ஆசிரியர் அவனுக்குக் கயிறு தாண்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.