விடலைப் பருவமும் விரையும் ஊர்தியும்

தோற்றுவாய்

மனித வாழ்வைப் பருவங்களாகப் பகுத்துக் காண்பது தமிழர்தம் பழைய மரபு. பாட்டியல் நூலார் ஆண்மகனின் பருவங்களைப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என ஏழாக வகுத்தனர். இவ்வரிசையில் மறமும் திறலும் முன்னே நிற்கின்றன. முதுமை இறுதியில் வருகிறது. உடலுக்கு ஆற்றல் முதலில் வாய்க்கிறது. உள்ளத்திற்கு நிதானம் பின்னரே வாய்க்கிறது. குதிரையும் காளையும் ஊர்தியாக இருந்த காலத்தில் இவ்விடைவெளியால் நேர்ந்த தீங்கு சிறிது. மணிக்கு 100 கிலோமீட்டர் விரையும் எந்திரம் இளையோர் கைக்கு வந்துவிட்ட இக்காலத்திலோ அவ்விடைவெளி உயிரையே விலையாகக் கேட்கிறது. ஊர்தி ஓட்டுவோரின் அகவைக்கும் சாலை விபத்துக்கும் உள்ள தொடர்பு யாது, அதனை அறிந்தோர் கண்ட தீர்வு யாது என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

எண்கள் உணர்த்தும் உண்மை

2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சாலை விபத்துகளில் இறந்தோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. 5 முதல் 29 வயது வரை உள்ளோரின் இறப்புக்கு முதற்காரணம் கொள்ளை நோயன்று. சாலை விபத்தே என்று அந்நிறுவனம் கூறுவது எண்ணிப் பார்க்கத்தக்கது. நம் இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் சாலையில் உயிரிழந்தனர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வரை வயதுடையோர். அவ்வாண்டில் 64,105 விபத்துகளுடன், எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் நம் தமிழ்நாடு.

இறந்தோரில் இளையோர் மிகுதி என்பதனாலேயே விபத்தை விளைவிப்போரும் இளையோரே என முடிவு கட்டுதல் முறையாகாது. மக்கள்தொகையில் இளையோர் மிகுதி. சாலையில் செல்வோரிலும் அவரே மிகுதி. ஆதலின், ஒவ்வோர் அகவையினரும் ஓட்டிய தொலைவையும், அத்தொலைவுக்குள் அவர்க்கு நேர்ந்த விபத்தையும் ஒப்பிட்டுக் காண்பதே நடுவுநிலையான அளவுகோல். இவ்வாறு அளந்து பார்த்த நாடுகளுள் அமெரிக்கா முதன்மையானது. அங்குப் பெரும்பாலான மாநிலங்களில் 16 வயதிலேயே மகிழுந்து ஓட்ட உரிமம் கிடைப்பதால் இளையோர் பற்றிய ஆய்வுகளும் அங்கு மிகுந்துள்ளன.

அவ்வளவீட்டை வரைபடமாக இட்டால், இரு கரையும் உயர்ந்து நடுவே தாழ்ந்த ஓர் ஆற்றின் வடிவம் தோன்றும். இடக்கரை இளமை, வலக்கரை முதுமை, நடுவே தாழ்ந்திருப்பது நடுவயது. 16 முதல் 19 வயது வரையுள்ள ஓட்டுநர், 20 வயதும் அதற்கு மேலும் உள்ளாரைக் காட்டிலும், ஓட்டும் தொலைவுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு உயிர்க்கேடான விபத்துகளில் சிக்குகின்றனர். இருபதுகளின் இறுதிக்குள் இது தணிந்து, நெடுங்காலம் தாழ்ந்தே நின்று, 70 வயதுக்குமேல் மீண்டும் ஏறத் தொடங்குகிறது. இரு கரைகளும் உயர்ந்திருப்பினும் அவை உயர்ந்த காரணம் ஒன்றன்று. இதனை உணராமல் கூறப்படும் தீர்வு எதுவும் பயன் தராது.

இளமைக்குரிய காரணங்கள்

இளையோர்க்குக் கண் கூர்மையானது, கை விரைவானது. அங்ஙனமாயின் விபத்து மிகுவது எதனால்? காரணங்கள் மூன்று எனலாம்.

முதலாவது, பயிற்சிக் குறைவு. புதிதாக ஓட்டுபவரின் பார்வை பெரும்பாலும் தம் ஊர்திக்கு அணித்தான சாலைப் பகுதியிலேயே படிகிறது. தேர்ந்தவரின் பார்வையோ தொலைவிலும் பக்கங்களிலும் கண்ணாடிகளிலும் மாறி மாறி உலவுகிறது. தெருவோரம் ஒரு பந்து உருண்டு வந்தால், அதன் பின்னே ஒரு குழந்தை ஓடி வரும் என்று தேர்ந்தவர் எதிர்பார்க்கிறார். புதியவர் பந்தை மட்டுமே காண்கிறார். உரிமம் பெற்ற முதல் மாதத்தில் விபத்து வாய்ப்பு மிக உயர்ந்திருந்து, ஆறேழு திங்களுக்குள் விரைந்து குறைகிறது என அமெரிக்காவிலும் கனடாவிலும் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

இரண்டாவது, மூளையின் முதிர்ச்சி. பின்விளைவை எடைபோட்டு உந்துதலை அடக்கி ஆளும் பகுதி நெற்றிக்குப் பின்னே அமைந்துள்ளது. மூளையின் பிற பகுதிகள் முதிர்ந்த பின்னரும் இப்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இன்பத்தையும் புகழையும் நாடும் பகுதியோ பதின்பருவத்திலேயே முழு விழிப்புடன் இயங்குகிறது. விரைவுக்குரிய உந்துதல் முந்திக்கொள்ள, அதனைத் தடுக்கும் கருவி பிந்தி வருகிறது. பயிற்சி ஒன்றே காரணமாயின், 17 வயதில் தொடங்கினும் 25 வயதில் தொடங்கினும் புதியவர்க்குரிய இடர் ஒரே அளவினதாதல் வேண்டும். அவ்வாறு இல்லை, வயது முதிர்ந்து தொடங்குவோர்க்குத் தொடக்கநிலை இடர் குறைவாகவே உள்ளது.

மூன்றாவது காரணமே நம் மாணவர் சிறப்பாகக் கருத வேண்டியது. அஃது உடன் வரும் நண்பர். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தனியே ஓட்டும் 16 வயதினரோடு, பிறரை ஏற்றிச் செல்லும் அதே வயதினரை ஒப்பிட்டது. உடன் ஒருவர் இருந்தால் ஓட்டுநர் இறக்கும் வாய்ப்பு 1.39 மடங்கு, இருவர் இருந்தால் 1.86 மடங்கு, மூவரோ அதற்கு மேலோ இருந்தால் 2.82 மடங்கு. 17 வயதினர்க்கும் இவ்வாறே ஏறிச் சென்றது. 30 முதல் 59 வயது வரையுள்ளார்க்கோ உடன் ஆள் இருப்பதால் இடர் மிகவில்லை.

இதன் உட்காரணத்தை 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் உளவியல் சோதனை விளக்கிற்று. கணிப்பொறித் திரையில் மகிழுந்து ஓட்டும் விளையாட்டு ஒன்றை மூன்று வயதுப் பிரிவினர்க்கு அளித்தனர். எச்சரிக்கை விளக்கு எரிந்த பின்னும் எவ்வளவு தொலைவு துணிந்து செல்கின்றனர் என்பதே சோதனை. தனியே ஆடியபோது பிரிவினரிடையே வேறுபாடு சிறிது. தோழர் சூழ்ந்து நின்றபோது 13 முதல் 16 வயதினரின் துணிச்சல் பெரிதும் மிகுந்தது. 18 முதல் 22 வயதினரிடமும் ஓரளவு மிகுந்தது. 24 வயதைக் கடந்தோரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தோழர் ஊக்கிப் பேச வேண்டுவதில்லை; அவர் பார்க்கிறார் என்ற நினைவே போதுமானதாகிறது என்பதைப் பின்வந்த மூளைப்பட ஆய்வும் உறுதி செய்தது.

நட்பைப் போற்றுவது நம் மரபு. ஆயினும், நண்பர் காண வேண்டும் என்பதற்காக முறுக்கப்படும் விசை, நண்பரையும் சேர்த்தே கொண்டு செல்லும் என்பதை நாம் மறத்தலாகாது.

முதுமைக்குரிய காரணங்கள்

முதியோர்க்கு நேர்வது வேறு. விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டிய அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக 60 வயதில் குறைகிறது. கழுத்தைத் திருப்புதல் அரிதாகிறது. பல திசைகளிலிருந்து ஊர்திகள் வரும் சந்திப்புகளில், ஒரே நொடியில் பலவற்றைக் கணித்து முடிவெடுத்தல் கடினமாகிறது. ஆதலின் முதியோர் சந்திப்புகளில் மிகுதியாக இடர்ப்படுகின்றனர். விரைவும் குடியும் இவர்தம் விபத்துக்குக் காரணமாவது குறைவு. பலர் தம் குறையைத் தாமே உணர்ந்து இரவிலும் மழையிலும் ஓட்டுவதைத் தவிர்க்கின்றனர்.

அங்ஙனமிருந்தும் முதுமைக் கரை உயர்வது ஏன்? 2003ஆம் ஆண்டின் ஆய்வொன்று இதற்கு விடை கூறிற்று. முதிய ஓட்டுநரின் மிகைப்பட்ட இறப்பு வீதத்தில் 60 முதல் 95 விழுக்காடு வரை, அவர்தம் உடல் நொய்ம்மையால் விளைவது. அதே மோதலில் இளைஞர் எலும்பு முறிவோடு பிழைக்கிறார், முதியவர் இறந்துவிடுகிறார். சுருங்கக் கூறின், இளையோர் மிகுதியாக மோதுகின்றனர். முதியோர் மோதினால் பிழைப்பது அரிதாகிறது.

முதியோர் மிகுந்த நாடாகிய ஜப்பான் இதற்கு வழி கண்டுள்ளது. 75 வயதைக் கடந்தோர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது நினைவாற்றலையும் அறிதிறனையும் சோதிக்கும் முறை 2009இல் அங்கு நடைமுறைக்கு வந்தது. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் டோக்கியோ நகரின் இகெபுகுரோ பகுதியில் 87 வயதினர் ஒருவர் ஓட்டிய மகிழுந்து மோதி ஒரு தாயும் அவர்தம் சிறு மகளும் இறந்தனர். நாடே கலங்கிற்று. அவ்வாண்டில் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் தம் உரிமத்தைத் தாமே முன்வந்து திருப்பி அளித்தனர். ஓட்டும் தகுதி தம்மை விட்டு நீங்கியதைத் தாமே அறிந்து விலகுவதும் ஓர் அறமே.

படிநிலை உரிமம்

இளமைக்குரிய இடரைக் குறைக்க உலகம் கண்ட சிறந்த வழி, உரிமத்தை ஒரே நாளில் முழுமையாக வழங்காமல் படிப்படியாக வழங்குவது. இதனை நாடு முழுவதற்குமாக முறைப்படுத்திய முன்னோடி நியூசிலாந்து. 1987ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் அங்கு உரிமம் மூன்று படிகளாயிற்று. முதற்படியில், தேர்ந்த ஒருவர் அருகிருக்க மட்டுமே ஓட்டலாம். இரண்டாம் படியில் தனியே ஓட்டலாம். ஆயின் இரவு 10 மணி முதல் விடியல் 5 மணி வரை தனியே ஓட்டலாகாது. மேற்பார்வையாளரின்றிப் பிறரை ஏற்றலாகாது. இவ்விரண்டையும் கடந்தார்க்கே முழு உரிமம். கனடாவின் ஒன்டாரியோ 1994இலும், அமெரிக்காவின் புளோரிடா 1996இலும் இத்தகைய முறையை மேற்கொண்டன. பிற மாநிலங்கள் தொடர்ந்தன.

இம்முறையின் நுட்பம் யாதெனின், இது மேற்கூறிய மூன்று காரணங்களுக்கும் தனித்தனியே மருந்தாகிறது. நெடிய பழகுநர் காலம் பயிற்சிக் குறைவை நீக்குகிறது. காத்திருக்கும் காலம் முதிர்ச்சிக்கு இடம் தருகிறது. உடன் செல்வோர்க்கு விதித்த தடை தோழமையின் தூண்டுதலை விலக்குகிறது. இம்முறையால் மிக இளைய ஓட்டுநரின் விபத்துகள் 20 முதல் 40 விழுக்காடு வரை குறைந்தன என ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கூறுகின்றனர். குறையும் இல்லாமலில்லை. அமெரிக்காவில் 16 வயதினரின் உயிர்க்கேடு குறைந்தபோது 18 வயதினரிடம் அது சற்று மிகுந்தது என்று 2011ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று. படிகளுக்கு உட்படாமல் 18 வயது வரை காத்திருந்து, பழகாமலே முழு உரிமம் பெறுவோர் இருந்தமை இதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. அகவை மட்டும் ஏறினால் போதாது, பழக்கமும் உடன் ஏற வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

நம் நாட்டுச் சட்டமும் நம் கடமையும்

இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பொது இடத்தில் ஊர்தி ஓட்ட 18 வயதும், வாடகை, சரக்கு முதலிய போக்குவரத்து ஊர்திகளுக்கு 20 வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எந்திரம் பூண்ட சிறு வண்டிக்கு மட்டும் 16 வயது போதும். பழகுநர் உரிமம் பெற்ற 30 நாட்களுக்குப்பின் முழு உரிமத்திற்கு விண்ணப்பிக்கலாம். அதன்பின் இரவுக்கோ உடன் செல்வோர்க்கோ இளையோர்க்கெனத் தனித்தடை இல்லை. பிற நாடுகள் பல திங்களாகப் பிரித்து வைத்த படிகளை நம் இளைஞர் ஒரே எட்டில் தாண்டிவிடுகின்றனர். மேலும், மேற்காட்டிய ஆய்வுகள் மகிழுந்தில் செல்வோரைப் பற்றியவை. அவர்க்கு இரும்புக் கூடேனும் காவலாக உண்டு. இருசக்கர வண்டியில் செல்லும் நம் மாணவர்க்குத் தலைக்கவசம் ஒன்றே காவல்; அதனையும் வண்டியின் கைப்பிடியில் தொங்கவிட்டுச் செல்வோரை நாள்தோறும் காண்கிறோம்.

2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் பெற்றோரையும் பொறுப்பாக்கியது. 18 வயது நிரம்பாதவர் ஊர்தி ஓட்டிக் குற்றம் இழைத்தால், பாதுகாவலர்க்கோ ஊர்தியின் உரிமையாளர்க்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. ஊர்தியின் பதிவு 12 திங்களுக்கு நீக்கப்படும். அச்சிறுவர் 25 வயது வரை பழகுநர் உரிமமும் பெற இயலாது.

2024ஆம் ஆண்டு மே மாதம் புனே நகரில், 17 வயதுச் சிறுவர் ஒருவர் ஓட்டியதாகக் கூறப்பட்ட விலையுயர்ந்த மகிழுந்து மோதி, இருசக்கர வண்டியில் சென்ற இளம் பொறியாளர் இருவர் உயிரிழந்தனர். அவர்க்குப் பிணை வழங்கிய சிறார் நீதிக் குழுமம் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, சாலை விபத்துக் குறித்து 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது. நாடெங்கும் கண்டனம் எழவே, சில நாட்களில் அவ்வாணை மாற்றப்பட்டது. கட்டுரை எழுதக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் ஒன்றை நன்கறிவோம்: விபத்துக்குப்பின் எழுதப்படும் எக்கட்டுரையும் இறந்தவரை மீட்பதில்லை. சாவி கைமாறுவதற்கு முன்னர் வீட்டில் சொல்லப்படும் ஒரு சொல், 'வேண்டாம்' என்னும் அவ்வொரு சொல், 300 சொற்களினும் வலியது.

நிறைவுரை

சட்டம் வரும் வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. படிநிலை உரிமத்தை ஒவ்வொரு வீடும் தனக்குத்தானே விதித்துக்கொள்ள இயலும். உரிமம் பெற்ற முதல் ஆறு திங்கள் இரவில் ஓட்டுவதில்லை, பின்னே நண்பரை ஏற்றுவதில்லை, தலைக்கவசமின்றி வண்டியை எடுப்பதில்லை என்னும் மூன்று உறுதிகள் போதும். பெற்றோர் இதனைத் தண்டனையாகக் கூறாமல், இளையோரின் உடலும் உள்ளமும் வளரும் இயல்பை எடுத்துரைத்து விளக்குதல் நலம். காரணம் அறிந்து ஏற்கும் கட்டுப்பாடே நிலைத்து நிற்கும்.

உயிர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். நம் உயிர் மட்டுமன்று; எதிரே வருவாரின் உயிரும் அத்தகையதே. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். முள்ளையும் கல்லையும் அகற்றுதல் ஈமானாயின், நாமே பிறர் பாதைக்கு முள்ளாகாமல் இருத்தல் அதனினும் முற்பட்ட கடமையன்றோ! வருகைப் பதிவேட்டில் உள்ள ஒரு பெயரை ஆண்டின் இடையே அடிக்க நேர்வதினும் கொடிய பணி ஆசிரியர்க்கு வேறில்லை. விடலை என்பது கடந்து செல்ல வேண்டிய பருவமே. அதனைக் கடந்து முதுமகன் என்னும் பருவத்தை நம் மாணவர் அனைவரும் எய்த வல்ல இறைவன் அருள்வானாக!