அழித்து அழித்து எழுதும் அதிசய "சிப்"!

ரேடியோவை வாங்கி வந்து, அதைத் தையல் எந்திரமாக மாற்ற முடியுமா? முடியாது.

ஆனால், இன்று கடிகாரமாகவும் நாளை விளையாட்டுக் கருவியாகவும் மாறக்கூடிய ஒரு "சிப்" இருக்கிறது! அதன் பெயர் "எப்.பி.ஜி.ஏ."

கல்வெட்டும் சிலேட்டும்

சாதாரண சிப், கல்வெட்டைப் போன்றது. தொழிற்சாலையில் செதுக்கியது செதுக்கியதுதான். எப்.பி.ஜி.ஏ. சிலேட்டைப் போன்றது.

அதற்குள் ஏராளமான சிறு மின் உறுப்புகள் இருக்கின்றன. எதை எதோடு இணைப்பது என்பதை வாங்கியவரே முடிவு செய்யலாம். பிடிக்கவில்லையா? அழித்துவிட்டு வேறு எழுதலாம்.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ராஸ் பிரீமன். அவரும் வேறு இருவரும் சேர்ந்து 1984-ல் "சைலிங்க்ஸ்" கம்பெனியைத் தொடங்கினார்கள். 1985-ல் முதல் சிப் வெளிவந்தது. அதில் இருந்தவை 64 கட்டங்களே!

மாணவர் எழுதியது

கம்ப்யூட்டருக்குள் நடக்கும் வேலைகளை மேற்பார்வை செய்ய ஒரு மேஸ்திரி வேண்டும். அந்த மேஸ்திரிதான் "லினக்ஸ்". 1991-ல் இதை எழுதத் தொடங்கியபோது, லினஸ் டோர்வால்ட்சுக்கு வயது 21. பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர்.

லினக்ஸ் இலவசம். யாரும் அதன் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம்.

இந்த இரண்டையும் ஒன்றாகப் பழக ஏற்றது, "டி.இ.10 நானோ" என்ற பலகை. தைவான் நாட்டின் "டெராசிக்" கம்பெனி செய்வது. உள்ளங்கை அளவுதான். அதில் உள்ள "சைக்ளோன் 5" சிப்பின் ஒரு பாதி கம்ப்யூட்டர். அங்கே லினக்ஸ் ஓடும். மறு பாதி எப்.பி.ஜி.ஏ.; அதில் 1 லட்சத்து 10 ஆயிரம் உறுப்புகள்!

தொடங்குவது எப்படி?

மைக்ரோ எஸ்.டி. கார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் அடங்கிய கோப்பை டெராசிக் கம்பெனியின் இணையதளத்தில் இருந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்குங்கள்.

அதைக் கார்டில் வெறுமனே நகல் எடுத்தால் போதாது. "எட்சர்" போன்ற எழுதும் புரோகிராம் மூலம் எழுத வேண்டும்.

எச்சரிக்கை!

எழுதும்போது, எந்த இடத்தில் எழுதுவது என்று புரோகிராம் கேட்கும். அங்கே அவசரம் கூடாது. கார்டுக்குப் பதிலாக வேறு டிஸ்க்கைக் காட்டிவிட்டால், அதில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும். குடும்பப் படங்களும் போய்விடும்! கார்டின் அளவைப் பார்த்து, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள்.

திரையில் எழுத்துகள்

கார்டைப் பலகையில் செருகுங்கள். பலகையில் உள்ள 6 சின்னஞ்சிறு சுவிட்சுகளும், கையேட்டில் சொன்னபடி இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிறகு மினி யு.எஸ்.பி. கம்பியால் பலகையைக் கம்ப்யூட்டரோடு இணையுங்கள். ஒரே மாதிரியான 2 துளைகள் இருக்கும். "யூ.ஏ.ஆர்.டி." என்று எழுதிய துளையே நமக்கு வேண்டியது. கம்ப்யூட்டரில் "புட்டி" என்ற புரோகிராமைத் திறந்து, வேகத்தை 1,15,200 என்று வையுங்கள். எழுத்துகள் கிறுக்கலாக வந்தால், வேகம் தவறு என்று பொருள்.

5 வோல்ட் மின்சாரம் கொடுத்ததும் வரிகள் மளமளவென்று ஓடும். சிப்பில் நிரந்தரமாகப் பதிந்த ஒரு சிறு புரோகிராம், கார்டில் இருக்கும் அடுத்த புரோகிராமை எழுப்பும். அது இன்னொன்றை எழுப்பும். கடைசியில் லினக்ஸ் விழிக்கும்! பெயர் கேட்கும் இடத்தில் "ரூட்" என்று ஆங்கிலத்தில் அடித்து, உள்ளே போகலாம்.

விளக்கு எரிகிறது

பலகையில் 8 சிறு விளக்குகள் உண்டு. அவை எப்.பி.ஜி.ஏ. பக்கம் இருக்கின்றன. இரு பாதிகளுக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. லினக்ஸ் அந்தப் பாலத்தின் வழியாக ஓர் எண்ணை அனுப்பும். மறுபக்கத்துச் சுற்று அதை வாங்கி, விளக்கை எரிக்கும்.

அந்தச் சுற்றை நீங்களே வரையக் "குவார்ட்டஸ்" என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. "மிஸ்டர்" என்ற திட்டத்தைச் சேர்ந்த ஆர்வலர்கள், 1985-ல் வந்த "அமிகா" வகைக் கம்ப்யூட்டரை இதே பலகையில் மீண்டும் நடமாட வைத்திருக்கிறார்கள்!

பயம் வேண்டாம்

எழுதிய சுற்று வேலை செய்யவில்லையா? மின்சாரத்தை நிறுத்தினால் அது மறைந்துபோகும்; சிலேட்டு மீண்டும் வெறுமையாகும். லினக்ஸ் ஓடும்போது மட்டும் கம்பியைப் பிடுங்கக் கூடாது; கார்டில் உள்ள கோப்புகள் கெடலாம். முதலில் "பவர்ஆப்" என்று ஆங்கிலத்தில் கட்டளை கொடுங்கள். பலகையின் ஓரத்து ஊசிகளில் 3.3 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கவும் கூடாது.

இவற்றைக் கவனித்தால் போதும். முதலில் ஒரு விளக்கு எரியட்டும்! மற்றவை தாமே பின்னால் வரும்.