உல்லாசக் கப்பல்களுக்கு மது எடுத்துச் செல்லுதல்

உல்லாசக் கப்பல்களுக்கு மது எடுத்துச் செல்லுதல் என்பது, பயணிகள் கப்பலில் விற்கப்படும் மதுவகைகளை வாங்குவதற்குப் பதிலாக, கரையில் வாங்கிய மதுவைத் தம்முடன் கப்பலுக்குள் கொண்டு செல்வதைக் குறிக்கும். பெரும்பாலான உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் இதனை முற்றாகத் தடை செய்கின்றன, அல்லது ஒரு சில போத்தல் திராட்சை மதுவுக்கு (வைன்) மட்டும் இடமளிக்கின்றன. விஸ்கி, ரம், வொட்கா போன்ற வடித்தெடுத்த மதுவகைகளைப் பயணிகள் கொண்டு வருவதற்குப் பெரிய அமெரிக்க நிறுவனங்கள் எவையும் பொதுவாக இசைவதில்லை. இவ்விதிகள் நாட்டுச் சட்டங்கள் அல்ல. பயணச்சீட்டு வாங்கும்போது பயணி ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தின் பகுதியே ஆகும். எனவே இவற்றை மீறுவது குற்றம் என்பதைவிட ஒப்பந்த மீறல் என்பதே பொருத்தமானது.

வணிகப் பின்னணி

உல்லாசக் கப்பல் நிறுவனம் ஒன்றின் வருவாய் பயணச்சீட்டில் இருந்து மட்டும் கிடைப்பதில்லை. மதுச்சாலை, சூதாட்டக்கூடம், கடைகள், கரைச் சுற்றுலா, இணைய வசதி முதலியவை வழியாகவும் பெருந்தொகை கிடைக்கின்றது. இத்துறையின் மிகப்பெரிய நிறுவனமான கார்னிவல் கார்ப்பரேசன் 2019ஆம் ஆண்டில் ஈட்டிய மொத்த வருவாய் ஏறத்தாழ 2,080 கோடி அமெரிக்க டாலர். இதில் 30 விழுக்காட்டுக்கும் சற்றுக் கூடுதலான பங்கு பயணச்சீட்டு அல்லாத வழிகளில் கிடைத்தது. பயணச்சீட்டுகள் மலிவாக விற்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அறை காலியாகச் செல்வதைவிடக் குறைந்த விலைக்கு ஆளை ஏற்றிக்கொண்டு, பின்னர் அவர் குடிப்பதிலும் வாங்குவதிலும் இலாபம் காண்பது நிறுவனத்துக்கு நன்மை தரும்.

இந்தக் கணக்கில், பயணி தன் பெட்டியில் கொண்டு வரும் ஒரு போத்தல் ரம் பெரிய ஓட்டை ஆகும். கரையில் ஒரு முழுப் போத்தலுக்குக் கொடுக்கும் விலைக்கு, கப்பலின் மதுச்சாலையில் இரண்டு மூன்று கோப்பைகளே கிடைக்கும். அவற்றின் மீது சேவைக் கட்டணமும் சேர்க்கப்படும்.

இந்த விலை வேறுபாட்டைப் பயணிகள் உணராதிருக்கும் வகையில் அமைந்ததே பானத் தொகுப்புத் திட்டம். பயணி நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பணம் செலுத்தி விட்டால், கோப்பைக்குக் கோப்பை பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் இத்தொகுப்பை வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் நிபந்தனை. இரண்டு பேர் ஒரு தொகுப்பைப் பகிர்ந்து குடிப்பதைத் தடுப்பது இதன் நோக்கம். குடிக்காத மனைவிக்காகவோ கணவனுக்காகவோ பணம் கட்ட நேர்ந்தவர்களின் மனக்குறை இதனால் எழுவது இயல்பே. கரையிலிருந்து ஒரு போத்தலை ஒளித்து எடுத்துச் செல்லும் எண்ணம் பலருக்கு இவ்விடத்தில்தான் தோன்றுகின்றது.

வரலாறு

கப்பல், மது, கரை ஆகிய மூன்றுக்கும் இடையிலான சிக்கல் இன்றைய உல்லாசக் கப்பல்களுக்கு மிகவும் முற்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அக்காலத்தில் அத்திலாந்திக் பெருங்கடலைக் கடந்து வந்த பிரித்தானியக் கப்பல்களில் மது தாராளமாக வழங்கப்பட்டது. இக்கப்பல்கள் நியூயார்க் துறைமுகத்துக்குள் நுழையும்போது அவற்றிலுள்ள மதுவை என்ன செய்வது என்னும் கேள்வி எழுந்தது.

1923ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கூனார்டு நீராவிக் கப்பல் நிறுவனம் தொடர்ந்த வழக்கில், அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கடற்பரப்பில் வெளிநாட்டுக் கப்பல்களையும் மதுவிலக்கு கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. குடிப்பதற்கு மட்டுமன்றி, பூட்டி வைத்துக் கொண்டு வருவதற்கும் தடை என்பதே இதன் பொருள். திரும்பும் பயணத்துக்கான மதுவை ஏற்றி வர முடியாமல் கப்பல் நிறுவனங்கள் திண்டாடின. அதே தீர்ப்பு, அக்கடற்பரப்புக்கு வெளியே செல்லும் அமெரிக்கக் கப்பல்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்றும் கூறியது.

1924 சனவரியில் பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. பிரித்தானியக் கப்பல்கள் மதுவை முத்திரையிட்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் கொண்டு வரலாம் என்று அமெரிக்கா இசைந்தது. அதற்கு ஈடாக, கடத்தல் கப்பல்கள் என்று ஐயுறப்படும் பிரித்தானியக் கப்பல்களைக் கரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவு வரை சென்று சோதிப்பதற்குப் பிரித்தானியா ஒப்புக்கொண்டது.

எந்த ஊருக்கும் போகாமல், கடலுக்குள் சென்று சில நாட்கள் குடித்துவிட்டுத் திரும்பும் பயணங்களும் இக்காலத்திலேயே புகழ் பெற்றன. இன்றைய குறும்பயண உல்லாசக் கப்பல்களின் முன்னோடிகளில் இவையும் அடங்கும். அன்று கப்பலில் மலிவாகக் கிடைத்த மதுவைக் கரைக்குக் கடத்தினார்கள். இன்று கரையில் மலிவாகக் கிடைப்பதைக் கப்பலுக்குக் கடத்துகிறார்கள்.

நிறுவனங்களின் விதிகள்

விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதுடன் அடிக்கடி மாற்றப்படுவதும் உண்டு. 2024ஆம் ஆண்டு நிலவரப்படி, கார்னிவல் குரூஸ் லைன் 21 வயது நிறைந்த ஒவ்வொருவரும் 750 மில்லிலீட்டர் அளவுள்ள ஒரு போத்தல் திராட்சை மது அல்லது ஷாம்பெயினை, பயணம் தொடங்கும் நாளில் மட்டும், கைப்பையில் வைத்துக் கொண்டு வர இசைந்தது. ராயல் கரிபியன் நிறுவனத்தின் விதியும் ஏறக்குறைய இதுவே. நோர்வீஜியன் குரூஸ் லைன் திராட்சை மதுப் போத்தல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு போத்தலுக்கும் கட்டணம் அறவிட்டது. கார்க்கேஜ் எனப்படும் இக்கட்டணம், விருந்தினர் கொண்டு வந்த போத்தலின் தக்கையைத் திறந்து பரிமாறுவதற்காக உணவகங்கள் வாங்கும் கட்டணத்தின் வழியில் வந்தது. சில நிறுவனங்களில் சொந்த அறையில் குடித்தால் இக்கட்டணம் இல்லை. உணவுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றால் மட்டும் உண்டு.

டிஸ்னி குரூஸ் லைன் 2015ஆம் ஆண்டு வரை வடித்தெடுத்த மதுவையும் கொண்டு வர விட்டிருந்தது. குழந்தைகளுக்கென்று பெயர் பெற்ற நிறுவனம் இவ்விடயத்தில் மற்றெல்லா அமெரிக்க நிறுவனங்களையும்விட இளகிய விதியைக் கொண்டிருந்தது வியப்புக்குரியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் இது மாற்றப்பட்டு, ஒருவருக்கு இரண்டு போத்தல் திராட்சை மது அல்லது ஆறு பியர் என்று வரம்பிடப்பட்டது. வைக்கிங் நிறுவனத்தின் கடற்பயணக் கப்பல்களிலோ பயணிகள் தம் மதுவைக் கட்டணமின்றிக் கொண்டு வரலாம். சில்வர்சீ, சீபோர்ன் போன்ற உயர்விலை நிறுவனங்களில் மதுவின் விலையும் பயணக் கட்டணத்துக்குள் அடங்கிவிடுவதால் இச்சிக்கலே எழுவதில்லை.

ஒளித்துக் கொண்டு செல்லுதலும் சோதனையும்

பயணப்பெட்டிகள் யாவும் துறைமுகத்தில் ஊடுகதிர்க் கருவியால் சோதிக்கப்படுகின்றன. இச்சோதனை முதன்மையாக ஆயுதங்களைக் கண்டறிவதற்கானது; ஆயினும் கண்ணாடிப் போத்தலின் வடிவம் அதில் தெளிவாகத் தெரியும். இதனைத் தவிர்க்கும் பொருட்டு, மடிக்கத்தக்க மெல்லிய பிளாத்திக்குப் பைகள், தலைக்குளியல் நீர்மம், வெயில் காப்புக் களிம்பு ஆகியவற்றின் போத்தல்களைப் போல் தோற்றமளிக்கும் கலங்கள் முதலியன வணிக அளவில் விற்கப்படுகின்றன. வாய் கொப்பளிக்கும் மருந்துப் போத்தலில் நிறமூட்டிய வொட்கா நிரப்புவது பழைய உத்தி. சோதனையாளர்களும் அதை நன்கு அறிவர்.

ஐயத்துக்குரிய பெட்டி அறைக்கு வந்து சேராது. உரியவர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டு, அவர் முன்னிலையில் பெட்டி திறக்கப்படும். கைப்பற்றப்படும் மதுவைச் சில நிறுவனங்கள் பயண முடிவில் திருப்பித் தருகின்றன; சில கொட்டிவிடுகின்றன. பெரும்பாலும் நடவடிக்கை இத்துடன் முடிந்துவிடும். ஆயினும் கடுமையான மீறலுக்காகப் பயணியை இறக்கிவிடும் உரிமை ஒப்பந்தத்தில் உண்டு.

தண்ணீர்ப் போத்தல்களில் நிறமற்ற மதுவை நிரப்பி, மூடியை மீண்டும் ஒட்டிக் கொண்டு வரும் வழக்கம் பரவியதால், கார்னிவல் நிறுவனம் 2015 சூலை 9 முதல் போத்தலில் அடைத்த தண்ணீர், குளிர்பானம் ஆகியவற்றையும் பயணிகள் கொண்டு வரத் தடை விதித்தது. தகரக் குவளைகளில் அடைத்த மதுவல்லாத பானங்கள் மட்டும், ஒருவருக்கு 12 என்ற அளவில் விடப்பட்டன. சிலர் செய்த தந்திரத்தால், மதுவையே தொடாதவர்களும் தம் தண்ணீரைக் கரையில் விட்டுவர நேர்ந்தது.

பாதுகாப்பும் சட்டமும்

தடைக்கு நிறுவனங்கள் கூறும் காரணம் பாதுகாப்பு ஆகும். மதுச்சாலையில் பரிமாறுபவர் ஒருவரின் நிலையைக் கண்டு நிறுத்த முடியும். அறைக்குள் தனியே குடிப்பவரை எவரும் பார்ப்பதில்லை. பயணிகள் கடலில் தவறி விழும் நிகழ்வுகள் பலவற்றில் மது ஒரு காரணியாக உள்ளது. இரவில், ஓடிக்கொண்டிருக்கும் கப்பலிலிருந்து விழுந்தவரை மீட்பது மிகக் கடினம். 2010ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் இயற்றப்பட்ட உல்லாசக் கப்பல் பாதுகாப்புச் சட்டம், மேல்தளக் கைப்பிடி வேலிகள் குறைந்தது 42 அங்குல (107 செ.மீ) உயரம் இருக்க வேண்டும் என்று விதித்தது.

வயது வரம்பும் ஒரு காரணம். ஐக்கிய அமெரிக்காவிலிருந்து புறப்படும் கப்பல்களில் மது அருந்தும் வயது பொதுவாக 21. ஐரோப்பாவிலும் ஆத்திரேலியாவிலும் பெரும்பாலும் 18. பெற்றோரின் அறையில் போத்தல்கள் இருப்பின் இவ்வரம்பைக் காப்பது கடினம்.

எனினும் பாதுகாப்பு என்னும் வாதத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. கார்னிவல் நிறுவனத்தின் பானத் தொகுப்பு 24 மணி நேரத்தில் 15 கோப்பை மது வரை தருகின்றது. கப்பலின் மாலுமிகளுக்கோ, 2012 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு விதிப்படி, இரத்தத்தில் 0.05 விழுக்காடே உச்ச வரம்பு. 15 கோப்பை குடித்த பயணி அவ்வரம்பை எத்தனையோ மடங்கு தாண்டியிருப்பார். 2004இல் புளோரிடா மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, அளவு மீறி மது பரிமாறப்பட்டுப் பின்னர் காயமுற்ற பயணி கப்பல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு நிறுவனம் விற்ற மதுவைப் பற்றியதே அன்றி, பயணி கொண்டு வந்ததைப் பற்றியது அன்று.

இடைத்துறைமுகங்களும் சுங்கமும்

வழியிலுள்ள துறைமுகங்களிலும் கப்பலின் தீர்வையற்ற கடையிலும் வாங்கும் மது, பொதுவாகக் கப்பலில் அருந்துவதற்கு அன்று. ஏறும் வழியில் அது பெறப்பட்டு, அறை எண் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டு, பயணத்தின் கடைசி இரவிலோ மறுநாள் காலையிலோ உரியவரிடம் கொடுக்கப்படும். நாடு திரும்பும் 21 வயது நிறைந்த அமெரிக்கப் பயணி பொதுவாக ஒரு லீட்டர் மதுவைத் தீர்வையின்றிக் கொண்டு வரலாம். அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட வர்ஜின் தீவுகளில் இருந்து திரும்புவோருக்கு, சில நிபந்தனைகளுடன், இவ்வளவு ஐந்து லீட்டராக உயர்கின்றது. கரிபியக் கப்பல்கள் நிற்கும் செயின்ட் தாமசுத் துறைமுகத்தில் மதுக்கடைகள் மிகுந்திருப்பதற்கு இச்சலுகையும் ஒரு காரணம் ஆகும். டெக்சாசு மாநிலத்தின் கால்வெசுட்டன் துறைமுகத்தில், நடுவண் சுங்கத்தைக் கடந்த பின்னர், மாநில மது ஆணையத்துக்கும் தனியே வரி செலுத்த வேண்டும்.